ஆணியில் இல்லாத பாஸ்

'பாஸ்' என்ற சின்ன ஆங்கிலச் சொல்லுக்கு எத்தனை பொருள் என்று, என்னைக் கேட்காதவர்களுக்கும் அந்தக் காலத்தில் நான் சொல்லியிருக்கிறேன். சோதனையில் தேறினாலும் பாஸ், பந்தை அடுத்தவனிடம் தட்டிவிட்டாலும் பாஸ், மலை இடுக்கும் பாஸ், நேரம் போவதும் பாஸ், கௌரவமாகச் செத்துப்போவதும் பாஸ். யுத்தக் காலத்தில் திருகோணமலைத் துறைமுகக் களஞ்சியத்தில் கிளாக்கராக இருந்த எனக்குச் சோறு போட்டது, வாசலில் காட்டும் அட்டை என்ற ஒரு பொருள் மட்டுமே. மற்றதெல்லாம் அலட்டல்.

அந்த அலட்டலை ஒருநாள் வெள்ளைக்காரத் துரைக்கு முன்னால் வைத்துக்கொண்டேன். பெரிய கிளாக்கர் எழுதிய கடிதத்தில் அந்தச் சொல் தவறான இடத்தில் நிற்கிறது என்று திருத்தினேன். அதன்பிறகு அவர் என்னைப் பார்த்த பார்வைக்குப் பால் திரைந்துவிடும்.

காலையில் வாசல் பலகையில் அவரவர் இலக்க ஆணியிலிருந்து பாஸை எடுத்துக்கொண்டு உள்ளே போகவேண்டும். மாலையில் திரும்ப மாட்டவேண்டும். ஆணி வெறுமையென்றால் ஆள் உள்ளே. ஜப்பான்காரன் குண்டு போட்ட காலையில் நான் பாஸைச் சட்டைப்பையில் வைத்தபடியே வெருகலில் அக்கா வீட்டுக்கு ஓடிவிட்டேன். மற்றவர்கள் அந்த அமளியிலும் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் ஓடியிருக்கிறார்கள்.

பத்து நாள் எருமைத்தயிரில் உடம்பைத் தேற்றிக்கொண்டு திரும்பினேன். வாசலில் பாஸைப் பறித்து, என்னைப் பெரிய கிளாக்கரிடம் அனுப்பினார்கள்.

"உம்மட ஆணி ஒண்டுதான் வெறுமை. எரிஞ்ச கொட்டிலுக்க ரெண்டு நாள் உம்மட பிரேதத்தைத் தேடுவிச்சனான். கூலியாட்களோட தேடின கங்காணிக்கு ரெண்டு கையும் வெந்துபோச்சு" என்றார்.

"ஐயா, நான் வேணுமெண்டு..."

"அந்தச் சொல்லுக்கு ஆயிரம் அர்த்தம் தெரியும். ஆணியில மாட்டத் தெரியேல்ல. கங்காணி ஓமெண்டால் பாஸைத் தாறன். இல்லாட்டி உமக்கு இஞ்ச வேலை இல்லை."

கங்காணி இறங்குதுறையில் ஒரு பெட்டியில் குந்தியிருந்தார். இரண்டு கைகளிலும் துணிக்கட்டு. கூலியாள் ஒருவர் அவருடைய வாயில் சுருட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன்.

"கொதிக்கிற தகரத்தை ஒவ்வொண்டாப் பிரட்டினன், கிளாக்கர் ஐயா. தேடேக்க நீங்கள் நல்ல மனுசனெண்டு எல்லாரும் கதைச்சனாங்கள். இப்ப அந்தக் கதையையும் திருப்பி எடுக்கவேண்டிக் கிடக்கு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துப் பார்த்தேன். உடனே அவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

"பாஸுக்கு என்ன சொல்ல, அண்ணை?" என்று சுருட்டுப் பிடித்தவர் கேட்டார்.

"ஓமெண்டு சொல்லு. வீட்டில இருந்தால் இந்தாள் மறந்துபோகும். உள்ளுக்க இருக்கட்டும். ஒவ்வொரு நாளும் என்ர கையைப் பார்க்கட்டும்."

மறுநாள் பாஸ் கிடைத்தது. யுத்தம் முடியும்வரை அந்த வாசலால் போய்வந்தேன். ஒரு பெட்டியை நகர்த்தச் சொன்னால் கூலியாட்கள் கங்காணியின் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் தோல் வெளிறிய கைகளைக் கட்டிக்கொண்டு கடலைப் பார்ப்பார். பெட்டியை நானே நகர்த்தப் பழகிக்கொண்டேன்.