ஹெட்விக் லோமான் வாங்காத பதக்கம்

ஜெர்மனியில் வேசர் ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சின்ன ஊரின் நகர மன்றத்தில் ஹெட்விக் லோமான் இருபத்தாறு வருடம் உறுப்பினராக இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. புராட்டஸ்டன்ட் திருச்சபை நடத்திய பெண்பிள்ளைகள் இல்லம்தான் அவளுக்குக் குடும்பம். கூரை ஒழுகினால் மன்றத்தில் சண்டை போட்டு ஓடு வாங்கிவிடுவாள். கிறிஸ்துமஸுக்கு நாற்பது பிள்ளைகளுக்கும் தன் கையால் கேக் சுட்டு எடுத்துப்போவாள்.

எண்பது வயதில் அவளுக்கு நகரப் பதக்கம் என்று பேப்பரில் வந்தது. மூன்றாம் நாள் ஒரு பெண் வந்து வாசல் மணியை அடித்தாள். அறுபதை நெருங்கும் வயது.

"நான் ரோஸ்வித்தா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டுல உங்க இல்லத்துல இருந்தேன். அப்ப பதினாலு வயசு."

"உள்ள வாம்மா. காப்பி போடறேன்."

"காப்பி வேணாம். உங்க கோட்டுப் பையில ஒரு கடுதாசி வெச்சேனே, ஞாபகம் இருக்கா? அடிக்கிறாங்க, நிலவறையில போட்டுப் பூட்டுறாங்கன்னு எழுதியிருந்தேன்."

ஹெட்விக்குக்கு ஞாபகம் வந்துவிட்டது. அந்தக் கடிதத்தை அன்றே இல்லத் தலைவியிடம் கொடுத்திருந்தாள். "இவ வாயத் தொறந்தா பொய்தான்" என்று தலைவி சிரித்தாள். ஹெட்விக்கும் கூடச் சிரித்தாள்.

"அந்தக் கடுதாசிக்காகப் பதினோரு நாள் நிலவறையில கெடந்தேன். தெனமும் நீங்க வருவீங்கன்னு பாத்தேன்" என்றாள் ரோஸ்வித்தா.

ஹெட்விக் தலையைக் குனிந்தாள். நிமிர்ந்தபோது வாசலில் யாரும் இல்லை.

பதக்க விழாவில் எழுந்து நின்று நடந்ததை அப்படியே சொன்னாள். பாதிரியார் வந்து தோளைத் தொட்டார்.

"அந்தக் காலம் அப்படி, லோமான் அம்மா. உங்களுக்கு நல்ல மனசு."

"அந்த நல்ல மனசோட ஒருநாளாவது நிலவறைப் படி எறங்கிப் பாத்தேனா, ஐயா?"

பதக்கத்தை மேஜையிலேயே விட்டுவிட்டு, மறுநாள் விலாசம் விசாரித்து பஸ் ஏறி ரோஸ்வித்தாவின் வீட்டுக்குப் போனாள். ரோஸ்வித்தா கதவைப் பாதிதான் திறந்தாள்.

"மன்னிப்பு கேக்க வந்தேன்."

"கேட்டுக்கங்க. குடுக்கத்தான் எங்கிட்ட இல்ல."

கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

அதற்கப்புறம் ஹெட்விக் இரண்டு வருடம் உயிரோடு இருந்தாள். இல்லத்தின் பழைய கோப்புகளைக் கேட்டு வாங்கி, நிலவறைக்குப் போன பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதினாள். அறுபத்து மூன்று பெயர் தேறியது. அவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்போனாள். எல்லோரையும் தேடி முடிப்பதற்குள் கண் தெரியாமல் போய்விட்டது.