கடலில்லாத நாட்டுக் கற்குவியல்

2013இல் நான் சிட்னியில் ஓர் அச்சகத்தில் தாள் வெட்டும் இயந்திரத்தில் வேலை பார்த்தேன். மொங்கோலியப் புல்வெளிக்கு ஆள் கூட்டிப்போகிற ஒரு சுற்றுலாக்காரரின் கையேடு எங்களிடம் அச்சாகியது. முதல் தாள்கட்டை நான் தலைகீழாக வைத்து வெட்டிவிட்டேன். அட்டையில் ஓடிய காட்டுக்குதிரைகள் எல்லாவற்றுக்கும் தலை போய்விட்டது. மேற்பார்வையாளரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, குசினி அலுமாரித் தட்டில் விரிக்கலாம் என்று பழுதானதில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

சிட்னியின் கிரவீன் பகுதியில் என் வாடகை வீட்டின் பின்னறையில் ஓர் அண்ணை இருந்தார். சொந்த அண்ணை இல்லை. படகில் வந்தவர், தற்காலிக விசாவில் இருப்பவர். மனைவியும் மகளும் வவுனியாவில். கையேட்டை வாங்கிப் புரட்டிவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

"தம்பி, இந்த நாட்டில கடல் எந்தப் பக்கம்?"

"கடலே இல்லை அண்ணை. எந்தப் பக்கம் போனாலும் தரைதான்."

அதற்குப் பிறகு அந்தக் கையேடு அலுமாரிக்குப் போகவில்லை. வேலை முடிந்து வந்ததும் நான் வாசித்துச் சொல்ல வேண்டும். மான்களைச் செதுக்கிய நெடுங்கற்கள், எரிமலைப் பாறையிலிருந்து விழும் அருவி, குதிரைப்பால் தந்து உபசரிக்கும் வட்டக் கூடாரங்கள், பழைய தலைநகரின் எல்லையில் ஒரு கல் ஆமை. நகரத்துக்குக் காவலாக வைத்த ஆமையாம். நகரத்தைப் புல் மூடிவிட்டது, ஆமை இன்னும் இருக்கிறது.

"காவலுக்கு நிண்டது மட்டும் தப்பிட்டுது," என்றார். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

அவரைப் பிடித்துக்கொண்டது கற்குவியல்கள் பற்றிய பக்கம்தான். வழிநெடுக மேடுகளில் அவை இருக்குமாம். பயணிகள் இறங்கி, மூன்று முறை வலம் வந்து, ஒரு கல்லை வைத்துவிட்டுத்தான் மேலே போவார்களாம். மறுநாள் பார்த்தால் பின்வளவில், உடுப்புக் காயப்போடும் கம்பத்தடியில், மூன்று கற்கள். பட்டுப்போன பூப்பாத்தியைச் சுற்றிப் பதித்திருந்தவற்றைப் பெயர்த்திருந்தார். அன்றிலிருந்து தபால்காரரின் மோட்டார்சைக்கிள் எங்கள் வாசலில் நிற்காமல் போகும் ஒவ்வொரு நாளும் ஒரு கல் ஏறியது. கைகூப்பி மூன்று சுற்று. குடிவரவு அலுவலகக் கடிதம் வராத நாள் அவருக்கு நல்ல நாள்.

"பிள்ளையாருக்குக் கோபம் வரப்போகுது அண்ணை," என்று நக்கலடித்தேன்.

"அவரும் சுத்தித்தானே மாம்பழம் வாங்கினவர்," என்றார்.

பிறகு அடுத்த தெருவில் அவரைப்போலவே படகில் வந்த ஒருவரை விசா விஷயமாகக் கூப்பிட்டார்கள். போனவர் திரும்பவில்லை. அவர் ஊறப்போட்டிருந்த உழுந்து மூன்றாம் நாள் புளித்து நாறியதாக அந்த வீட்டுப் பெடியன்கள் சொன்னார்கள். அந்தக் கிழமையோடு என் நக்கல் நின்றது. மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால் நானே சன்னலடிக்குப் போய்ப் பார்த்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அது எங்கள் வாசலில் நின்றது. அண்ணையை வருகிற புதன் காலை பத்து மணிக்குக் குடிவரவு அலுவலகத்துக்கு வரட்டாம்.

அதே புதன் மத்தியானம் வாடகை ஏஜென்ட் வீடு பார்க்க வருவதாக இருந்தது. ஒப்பந்தத்தில் என் பெயர் மட்டும்தான். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை அண்ணையை இல்லாத ஆளாக்குவோம். மெத்தையைச் சுருட்டிக் கார் டிக்கியில் போடுவோம். செருப்பு, பிரஷ், வேட்டி எல்லாம் அதோடு போகும். கறி மணம் போகச் சன்னல்களைத் திறந்துவிட்டு, ஆளை நூலகத்துக்கு அனுப்புவோம். இந்தமுறை அனுப்ப வேண்டிய தேவை இருக்கவில்லை.

புதன்கிழமை அவர் விடியவே எழும்பி ஒரு கல்லை வைத்துச் சுற்றினார். கையேட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"போட்டு வாறன் தம்பி."

"வாங்கோ அண்ணை. சோறு வைச்சிருப்பன்."

அவர் போனதும் மெத்தையைச் சுருட்டினேன். சன்னலால் பார்த்தபோது குவியல் முழங்கால் உயரத்துக்கு நின்றது. ஏஜென்ட் கேட்டால் என்ன சொல்வது? அன்று குப்பை எடுக்கும் நாள். யோசிக்காமல் மண் அள்ளும் சவளால் கற்களை அள்ளிக் குப்பைத்தொட்டியில் கொட்டித் தெருவுக்கு இழுத்துப்போனேன். லொறி தொட்டியைக் கவிழ்த்தபோது கற்கள் உருண்ட சத்தம் குசினி வரைக்கும் கேட்டது. செய்யக்கூடாததைச் செய்துவிட்டேன் என்று பட்டது. விசர்க்கதை என்று என்னை நானே அதட்டினேன்.

ஏஜென்ட் பெண் பின்னறைக் கதவைத் திறந்து பார்த்தார். வெறுந்தரை. தனியாகவா இருக்கிறீர்கள் என்று கேட்டார். ஆம், தனியாகத்தான் என்றேன். வீட்டை நல்ல துப்புரவாக வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சோறு ஆறிப்போனது. அவருடைய போன் நிறுத்தப்பட்டிருந்தது. மெத்தையை டிக்கியிலிருந்து எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை.

சனிக்கிழமை காலையில் தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது.

"தம்பி, நான்தான். பிளேனில ஏத்தி எங்கயோ தடுப்பு முகாமுக்குக் கொண்டந்திட்டாங்கள்."

"எந்த இடம் அண்ணை?"

"தெரியேல்லை. சன்னலால கடல் தெரியுது." பிறகு கேட்டார், "கல்லெல்லாம் கிடக்குதோ?"

"ஓம் அண்ணை. அப்பிடியே கிடக்கு."

"அப்ப எனக்காக இண்டைக்கு ஒண்டை வைச்சுவிடுங்கோ."

"ஓம். இப்பவே வைக்கிறன்."

போனைப் பிடித்தபடியே பின்வளவுக்குப் போனேன். அவர் சுற்றிச் சுற்றி நடந்த வட்டம் புல்லில்லாமல் கிடந்தது. பூப்பாத்தியைக் கிண்டினேன், வேலியோரம் முழுக்கத் தேடினேன். அந்த வளவில் வைப்பதற்கு ஒரு கல் இல்லை.