பானெட்டில் முட்டையிட்ட தட்டான்கள்

ஆயுத பூஜைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, முற்பகல். திருச்செங்கோட்டுக்குத் தெற்கே ஒரு சிறிய ஏரியில் முழங்கால் அளவு நீரில் நின்றிருந்தேன். முந்தைய வாரம் முழுக்க மழை. மழையோடு கூட்டமாக வரும் மஞ்சள் தட்டான்கள் ஏரி முழுவதும் பறந்துகொண்டிருந்தன.

இந்த வகைத் தட்டானை ஆண்டு, மாதம், இடம் குறித்துப் பல வருடங்களாகப் படம் எடுத்து வருகிறேன். முட்டையிடும் படம் மட்டும் அதுவரை கிடைக்கவில்லை. ஆணும் பெண்ணும் இணைந்தபடியே தாழ்ந்து வரும். பெண் வால் நுனியால் நீரைத் தொட்டதுமே இரண்டும் எழுந்துவிடும். அடுத்து எங்கே தொடும் என்று தெரியாது. மேக்ரோ லென்ஸுக்கோ பூச்சி ஒரு சாண் தொலைவில் இருந்தாக வேண்டும்.

அன்று என்னை அழைத்து வந்தது என் மச்சினன். ரிக் வண்டி வைத்திருக்கிறான். வருடத்தில் பாதி நாள் வெளி மாநிலங்களில் போர்வெல் போடும் வேலை. பண்டிகைக்கு ஊர் வந்த கையோடு கருஞ்சிவப்பில் ஒரு புதுக் கார் வாங்கி, பூஜைக்குப் பாலிஷும் போட்டிருந்தான். கரையில் பெரிய வேப்பமரம் இருந்தும் அதன் கீழே நிறுத்தவில்லை. மரத்தில் கொக்குகள் அடைந்திருந்தன. கார் வெயிலில் பளபளத்தது.

"ஏனுங் மாமா, நீங்க தண்ணிக்குள்ள தேடிட்டிருக்கறீங்க. உங்க ஆளுக எல்லாம் இங்க என்ற காருக்குப் பொட்டு வெக்கறாங்க பாருங்க."

போய்ப் பார்த்தேன். ஒரு ஜோடி பானெட்டின் மேல் தாழ்ந்து, தொட்டு, எழுந்து, மறுபடி அதே இடத்தில் தொட்டது. தட்டான்கள் நீரை அடையாளம் காண்பது அதில் பட்டுத் திரும்பும் ஒளியை வைத்து. பளபளக்கும் அடர் நிறத் தகடு அவற்றை ஏமாற்றிவிடும் என்று படித்திருந்தேன். மண்டியிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். "நல்லா வருது" என்றபடி, கூர்மையாக விழுந்த ஒரு படத்தைத் திரையில் பெரிதாக்கினேன். வால் நுனி தொட்ட இடத்தில் கசகசாவைவிடச் சிறிய வெளிர்மஞ்சள் மணிகள் ஒட்டியிருந்தன.

பானெட்டில் விரலை வைத்தேன். வைத்திருக்க முடியவில்லை. அந்த ஜோடி திரும்பி வந்துகொண்டிருந்தது.

"மாப்ள, வண்டிய எடுத்து மரத்தடியில போடு."

"இப்பத்தான நல்லா வருதுன்னீங்க?"

"முட்டையெல்லாம் வெந்து போவுது. தொட்டுப் பாரு."

தொட்டுவிட்டுக் கையை உதறினான். "அடச் சாமி, தோசக்கல்லு! ஆம்லெட்டே போட்றலாமுங்க." தன் பேச்சுக்குத் தானே சிரித்தான். பிறகு மரத்தை அண்ணாந்து பார்த்தான். "அங்க போட்டா கொக்கு வெள்ளையடிச்சுருமுங்களே மாமா. பாலிஷ் போட்டு நாலு நாளுகூட ஆகல."

ஜோடி இன்னொரு முறை தொட்டுவிட்டுப் போனது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

பின்பு காரிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, தோளில் கிடந்த துண்டை நனைத்து, மணிகள் ஒட்டியிருந்த இடத்தைப் பெயின்ட் கீறாமல் மெல்ல ஒற்றி எடுத்தான். துண்டை என் கையில் கொடுத்துவிட்டுக் காரை வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோய் நிறுத்தினான். இறங்கி வருவதற்குள் கண்ணாடியில் ஒரு வெள்ளைத் தீற்றல் விழுந்திருந்தது. கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான், வண்டியை எடுக்கவில்லை.

வந்து துண்டை வாங்கிக்கொண்டு நீரோரம் குத்துக்காலிட்டு அதை அலசினான்.

"பொழச்சுக்குமுங்களா?"

"கடைசியா வெச்சதுல கொஞ்சம் பொழைக்கலாம். மீதி சந்தேகம்தான்."

"குஞ்சு வர எத்தன நாளாகுமுங்க?"

"ஒரு வாரம் ஆகலாம்."

"அதுக்குள்ள நான் சைட்டுக்குப் போயிருவனுங்களே மாமா," என்றான். துண்டின் நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்து நீரில் விட்டு அலசிக்கொண்டிருந்தான்.