பாகிலாவின் அறிக்கையில் தினமும் வந்த வரி

பௌர்சாக் உருண்டைகள் பொரிக்கப் பிசைந்த மாவு பாகிலாவின் இரண்டு கைகளிலும் மணிக்கட்டு வரை ஒட்டியிருந்தது. எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து அலமாரியில் கைப்பேசி அதிர்ந்தது. மூக்கு நுனியால் தட்டித் திறந்து படித்தாள். எட்ட முடியாத சர்வர் எதுவும் இல்லை. திருத்தப்பட்டது ஒன்று. அதே ஒன்று. அவள் வைத வசவு எண்ணெய்ச் சட்டிக்குத்தான் கேட்டது.

ஒஸ்கெமென் நகரத்துக்கு வெந்நீரும் சூடும் அனுப்பும் நிலையத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. மணிக்கொரு தடவை ஒரு நிரல் எல்லா சர்வர்களையும் சுற்றி வரும். எப்படி இருக்கவேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறதோ அப்படி இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் தானே சரிசெய்துவிட்டு, செய்ததை அறிக்கையாக அனுப்பும். வார்டை நர்ஸ் சுற்றி வருவது போலத்தான். என்ன, இது யாரையும் தூங்கினீர்களா என்று கேட்காது.

கண்காணிப்பு அறை சர்வரில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது, பின்னுக்குத் தள்ளினேன் என்று அது சொன்னது. மறுநாளும் சொன்னது. அடுத்தடுத்த வாரங்களிலும் சொன்னது.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. காரணம் தெரியாமல் ஒரே திருத்தம் திரும்பத் திரும்ப வரும் ஊர்களின் சர்வர்களைத் தலைநகர் அஸ்தானாவுக்கே எடுத்துக்கொள்வதாகத் தலைமை அலுவலகம் எழுதியிருந்தது. சர்வர் போனால் பாகிலாவும் பின்னாலேயே போகவேண்டும், அல்லது வேலையை விடவேண்டும். அஸ்தானாவின் காற்றில் ஒரு குளிர்காலம் இருந்து பார்த்தவள் அவள். இன்னொன்று வேண்டாம். இந்த வயதில் வேறு வேலையும் கிடைக்காது.

மேலாளர் மார்தென் அவளைவிட இளையவன், எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன், அவளை அக்கா என்கிற மரியாதையில் அப்பாய் என்று கூப்பிடுகிறவன். அந்த வரியைத் தூக்கிவிடச் சொன்னான்.

"ஒரே ஒரு வரிதானே அப்பாய். அழிச்சுட்டா அறிக்கை பச்சையா இருக்கும்."

"அழிச்சுப் பழகிட்டா, நாளைக்கு நெஜமா ஒண்ணு கெட்டுப்போறப்ப அதுவும் என் கண்ணுல படாது. நீ போய் டீ குடி."

சர்வரைத் திறந்து பேட்டரியை மாற்றினாள். கம்பிகளைக் கழற்றி மாட்டினாள். பலனில்லை. யார் மாற்றுகிறார்கள் என்று பார்க்கலாமென்றால், கண்காணிப்பு அறையில் எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல். மாற்றியது எந்த அறை என்றுதான் சர்வர் சொல்லும், ஆளைச் சொல்லாது. கடைசியில் பழைய அறிக்கைகளை வரிசையாக வைத்துப் பார்த்தாள். அந்த அறையில் உட்காரும் எர்கேஷ் விடுப்பில் இருந்த நாட்களில் மட்டும் கடிகாரம் ஒழுங்காக ஓடியிருந்தது.

ஓய்வு பெறும் வயது வந்தும் வீட்டுக்குப் போக மறுத்தவர் எர்கேஷ். நிலையத்தில் எல்லோருக்கும் அவர் அகாய், அதாவது பெரியண்ணன். மதியம் கையில் பௌர்சாக் பொட்டலத்தோடு பாகிலா அவர் அறைக்குப் போய் உட்கார்ந்தாள். அவர் பால் டீயைக் கிண்ணத்தில் ஊற்றினார், தொப்பியை நேராக்கினார், அதே கையோடு திரையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளினார். அவள் இருப்பதையெல்லாம் அவர் பொருட்படுத்தவே இல்லை.

"அகாய், என்ன பண்றீங்க?"

"மணியைச் சரி பண்றேன்."

நாடு முழுக்க ஒரே நேரம் என்று அரசாங்கம் இந்த ஊர்க் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிய பிறகு வந்த முதல் குளிர்காலம் அது. டீ நேரத்துக்குள் இருட்டிவிடுகிறது என்று ஊரே முணுமுணுத்தது. எர்கேஷ் முணுமுணுப்பதோடு நிறுத்தவில்லை, அவ்வளவுதான்.

"எங்க சாயங்காலத்தைப் பிடுங்கிட்டாங்க. மாடு பழைய மணிக்குத்தான் கத்துது, அதுக்கு ஆணை வரலியே. நான் மாத்தறேன், உன் பிசாசு திருப்பி மாத்துது. நாலு வாரம் போனா அதுக்கே அலுத்துப்போகும்னு பாத்தேன்."

"அதுக்கு அலுக்காது அகாய்."

"எனக்கும்தான் அலுக்காது, அய்னலாயின், என் கண்ணு."

பாகிலா அவரிடம் அஸ்தானா கடிதத்தைப் பற்றிச் சொன்னாள். அவர் பௌர்சாக்கை மெல்வதை நிறுத்தினார். தன் கடிகாரத்தால் ஒரு பெண்ணின் வேலை போகும் என்று அதுவரை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் புதிய மணியை நாளெல்லாம் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது என்றார். மன்னிப்பும் கேட்கவில்லை. படுக்கையை விட்டு இறங்காத நோயாளியிடம் வாதாடிப் பலனில்லை. கட்டிலைத்தான் ஜன்னல் பக்கம் நகர்த்தவேண்டும். அவள் எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலை சந்தையில் மலிவாக ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கினாள். அதைப் பழைய நேரத்துக்குத் திருப்பி, எர்கேஷின் திரைக்கு மேலே ஆணி அடித்து மாட்டினாள். சுவரில் இருப்பதை எந்த நிரலும் சுற்றி வந்து பார்க்காது. பிறகு அந்த அறையின் கடவுச்சொல்லிலிருந்து கடிகாரம் மாற்றும் உரிமையை எடுத்தாள். எர்கேஷ் அண்ணாந்து பார்த்து, ஒரு நிமிடம் மெதுவாக ஓடுகிறது என்று குறை சொன்னார்.

அடுத்த சுற்றில் திருத்தம் எதுவும் வரவில்லை. அவள் வார அறிக்கையில் பழைய வரிகளை அப்படியே விட்டு, கீழே எழுதினாள்: காரணம், பழக்கம். தீர்வு, ஆணி.

மார்தென் படித்துவிட்டு, அஸ்தானாவுக்குப் போகிற தாளில் ஆணி என்றெல்லாம் எழுதலாமா என்று கேட்டான்.

"வேற எதை அடிச்சேன்? கையெழுத்துப் போடு."

போட்டான்.