ஒலியிழந்த பெட்டியும் வாசகசாலைப் புஷ்பபாயும்

தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் கேரள எல்லையில், குன்னத்துகாலிலிருந்து பனச்சமூட்டுக்குச் செல்லும் சாலையில், ரப்பர் தோட்டம் சரிந்து வயலைத் தொடும் இடத்தில், ஓடு வேய்ந்த ஒற்றை அறைக் கட்டடம் ஒன்று நிற்கிறது. ஊரார் அதனை வாசகசாலை என்பர். அதனைக் காத்தவர் புஷ்பபாய். காலையில் துணிப்பை நிறையப் புத்தகங்களைச் சுமந்து, வீட்டை விட்டு நகர இயலாத பெண்களுக்கு அவற்றைக் கொடுத்து வருவார். மாலையில் வாசகசாலையைத் திறந்து வைப்பார். கணவர் பொன்னப்பன் ரப்பர் பால் வெட்டுபவர். "நான் மரத்தக் கீறி பால் எடுக்கேன், அவ அலமாரியக் கீறி கதை எடுக்கா" என்று அவர் சந்தையில் சொல்லிச் சிரிப்பதுண்டு.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டில் பஞ்சாயத்து அவ்வாசகசாலைக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டியை அளித்தது. அதற்கென மரத்தால் ஓர் உறையும், உறைக்கு இரண்டு கதவுகளும், கதவுகளுக்கு ஒரு பூட்டும் செய்யப்பட்டன. அன்று முதல் பிள்ளைகள் பாயில் அமர்ந்து அண்ணாந்து பார்க்கலாயினர். அலமாரியின் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

வாசகசாலைத் தலைவர் கிருஷ்ணன்குட்டி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஒரு மாலை வாசலில் நின்றபடியே கேட்டார்: "புஷ்பம், இது வாசகசாலையா, சினிமாக் கொட்டகையா?"

"பிள்ளையள் பாக்கட்டு சாரே. வீட்டுல டி.வி. உள்ள பிள்ளைய எப்பளும் பாக்குது. இல்லாத்த பிள்ளையளுக்கு மட்டும் பூட்டா?"

அவ்வினாவின் நியாயத்தை அவர் மறுக்கவில்லை. ஆயினும் மார்கழியை எல்லையாக்கி ஒரு நிபந்தனை விதித்தார். "தனு மாசம் ஆண்டுக் கூட்டம் உண்டு. அதுக்குள்ள பிள்ளைய வாசிக்கத் தொடங்கினா பெட்டி அவங்களுக்கும் இருக்கட்டு. இல்லேங்கி, பெரியவங்க செய்தி பாக்க மட்டும் திறப்போம். பிள்ளைய வெளிய."

புஷ்பபாய் முதலில் கட்டாயத்தை நாடினார். புத்தகம் ஒன்று எடுத்தவர்க்கே பாயில் இடம் என்றார். மறுநாளே பிபின் என்னும் சிறுவன் கைக்கு எட்டிய ஒன்றை எடுத்துச் சென்று, அடுத்த நாள் திருப்பிக் கொடுத்தான். தென்னை நோய்கள் பற்றி வேளாண்மைத் துறை வெளியிட்ட சிறு நூல் அது.

"எலே பிபினு, இத வாசிச்சியா?"

"வாசிச்சேன் அக்கா."

"என்ன உண்டு அதில?"

"தென்னைக்குத் தீனம் அக்கா."

"பெறவு?"

பிபின் கூரையைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "பெறவு... செத்துப் போச்சு."

பாயில் இருந்தவர் யாவரும் சிரித்தனர். புஷ்பபாயும் சிரித்தார். அன்றோடு அந்த விதி ஒழிந்தது.

ஐப்பசி பிறந்தது. மலையாளத்தார் துலாம் என்னும் அம்மாதத்தில், பிற்பகல் தோறும் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரங்களில் இடி முழங்கும். வானம் கறுத்தால் ஆண்டெனாக் கம்பியைப் பெட்டியிலிருந்து பிடுங்கிவிட வேண்டும் என்பது அவ்வூரில் சிறு குழந்தையும் அறிந்த செய்தி. ஒரு நாள் மழை சாய்ந்து பெய்தது. புத்தகங்கள் நனையுமே என்று புஷ்பபாய் சன்னல்களை அடைக்க ஓடினார்; கம்பியை மறந்தார். இடி விழுந்தது. பெட்டியில் படம் பிழைத்தது, ஒலி மாய்ந்தது.

பாறசாலையிலிருந்து வந்த மெக்கானிக் விஜயதாஸ் பின்பக்கத்தைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "உள்ள கருகிப் போச்சு அக்கா. சாமானம் திருவனந்தபுரத்துல இருந்து வரணும். கொஞ்ச நாளாவும்."

கிருஷ்ணன்குட்டி கேள்வியுற்று வந்தார். "நல்லதாப் போச்சு. கேக்காத்த பெட்டிய எவன் பாப்பான்? கூட்டத்துக்குக் காத்திருக்கவே வேண்டாம்."

அவர் எண்ணியது பிழையாயிற்று. பிள்ளைகள் வந்தனர்; ஒலியற்ற படத்தையே பார்த்தனர். அன்று தில்லியிலிருந்து இந்தித் தொடர் ஒன்று ஒளிபரப்பானது. ஒலி இருந்த நாளிலும் அதன் மொழி அவர்களுக்கு விளங்கியதில்லை. ஓர் அரசன் சினந்து கையை ஓங்கினான். அமைச்சன் தலை குனிந்தான். பாயின் ஓரத்திலிருந்து பிபின் அரசனுக்காகக் கர்ஜித்தான்:

"எலே மந்திரி! மரச்சீனிக் கிழங்கு வெந்தாச்சா, இல்லியா?"

புஷ்பபாயின் மகள் ரெஜிஷா அமைச்சனின் குனிந்த தலையைக் கண்டு தாழ்ந்த குரலில் மொழிந்தாள்: "வெந்து ராஜாவே. மீன்கறியத்தான் பூனை தின்னுட்டு."

படத்தில் அரசி அழுதாள். ஆதிரா என்னும் சிறுமி மலையாளத்தில் புலம்பினாள்: "அய்யோ, என்றெ பூச்சயெ தல்லல்லே!" பூனையை அடிக்க வேண்டாம் என்று ஓர் அரசி அழுத காட்சி அந்நாடகத்தில் இருந்திருக்க வழியில்லை. ஆயினும் அதற்கு ஏற்றாற்போலவே அரசியின் உதடுகள் அசைந்தன. வயலிலிருந்து திரும்பியவர்கள் சிரிப்பொலி கேட்டுச் சன்னலருகே நின்றனர்.

பல நாள்கள் இவ்வாறே நடந்தது. பின்னர் பிள்ளைகளிடையே பூசல் எழுந்தது. எல்லா அரசர்களும் கிழங்கையே கேட்டனர். எல்லா அரசிகளுக்கும் பூனையே காணாமற் போயிற்று. "உனக்க ராஜாவுக்கு வேற பேச்சு தெரியாதா லே?" என்று ரெஜிஷா பிபினை இகழ்ந்தாள். அவன் புஷ்பபாயிடம் வந்தான்.

"அக்கா, ராஜாமாரு சண்டைக்குப் போவும்போ என்ன பேசுவாவ?"

புஷ்பபாய் எழுந்து அலமாரியைத் திறந்தார். எந்த நூல் என்று சுட்டவில்லை. "இஞ்ச ராஜாமாரு நிறைய உண்டு மக்கா. நீயே கேளு."

அன்று பிபின் எடுத்துச் சென்ற நூல் உடனே திரும்பவில்லை. திரும்பிய போது, தொடரில் யானைமேல் வந்த அவனுடைய அரசன் அந்த யானையைப் பெயர் சொல்லி அழைக்கக் கற்றிருந்தான். ஆதிரா பழைய செய்தித்தாள்களின் அடுக்கைப் பிரித்து, செய்தி வாசிப்பவர்க்குரிய நடையைத் தேடலானாள்.

அந்நிலையில் விஜயதாஸ் சாமானத்துடன் வந்து ஒலியை மீட்டார். பிள்ளைகள் கைகொட்டி ஆர்ப்பரித்தனர், பின்னர் அமர்ந்தனர், பின்னர் ஒருவரும் வாய் திறக்கவில்லை. முன்பு போலவே விளங்காத இந்தியை விளங்கியவர் போல் கேட்டுக்கொண்டிருந்தனர். அலமாரியை அணுகிய கால்கள் மீண்டும் பாயில் மடங்கின. புஷ்பபாய் மூன்று மாலைகள் அதனைப் பொறுத்துப் பார்த்தார். ஆண்டுக் கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது.

நான்காம் மாலை, பாதி நேரம் ஒலியோடு பார்க்கவிட்டு, எழுந்து சென்று ஒலியை அடக்கினார்.

"அக்கா, சத்தம் வைங்க!"

"இனி நீங்க பேசுங்க மக்கா."

"எதுக்கு? அதான் நல்லாயிட்டே!"

சிலர் எழுந்தனர். "வாங்கலே, கொல்லயில் ஊர்ல எனக்க மாமன் வீட்டுல கலர் டி.வி. உண்டு" என்று ஒருவன் அழைக்க, பாதிப் பாய் காலியாயிற்று. பிபினும் அவர்களோடு போனான். புஷ்பபாய் தடுக்கவில்லை, ஒலியையும் திருப்பித் தரவில்லை. எஞ்சியோர் பேசி முடித்ததும் மரக்கதவுகளைச் சாத்தி, "மதி, போதும் மக்களே, வயல்ல போய் ஓடுங்க" என்றார். கோயிலில் நடை அடைத்தபின் வாசலில் நிற்பவன் கண்களை மூடுகிறான். கண்ட உருவம் அப்போதுதான் அவனுடையதாகிறது. அந்த மரக்கதவுகளும் அத்தகைய வேலையைச் செய்யும் என்று அவர் நம்பினார். நம்பிக்கைக்குச் சான்று காட்ட அவரிடம் ஒன்றுமில்லை.

ஆண்டுக் கூட்டம் ஒரு ஞாயிறு மாலை கூடியது. கிருஷ்ணன்குட்டியும் உறுப்பினர்களும் குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டனர். அப்போது ஒலி அடங்கியிருந்தது. படத்தில் இந்திச் செய்தி. வந்தவர்களைக் கவனியாமல் ஆதிரா நிமிர்ந்திருந்து வாசித்தாள்:

"செய்திகள். பனச்சமூட்டில் நிற்க வேண்டிய பஸ் இன்றும் நிற்கவில்லை. ஓட்டுநர் எங்களைக் கண்டார். கண்டும் காணாதது போல் நடித்தார் என நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவிக்கின்றன."

உறுப்பினர்கள் சிரித்தனர். படத்தில் யாரோ ஒரு பெரியவர் விமானத்திலிருந்து இறங்கிக் கையசைத்தார். ஆதிரா தயங்காமல் தொடர்ந்தாள்:

"வாசகசாலைத் தலைவர் கிருஷ்ணன்குட்டி அவர்கள் ஓணத்துக்கு எடுத்துச் சென்ற புத்தகத்தை இதுவரை கொண்டு வரவில்லை. கையை மட்டும் காட்டுகிறார்."

புஷ்பபாயின் முகம் வெளிறியது. அறை சிரிப்பால் அதிர்ந்தது. கிருஷ்ணன்குட்டி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது தடிச்ச புத்தகமாக்கும், மோளே" என்றார். சிரிப்பு இருமடங்காயிற்று.

பிள்ளைகளை வெளியே அனுப்பியபின் கூட்டம் தொடங்கியது. உறுப்பினர் ஒருவர் கேட்டார்: "சத்தம் நன்னாக்கியாச்சுல்லா? பெறவு எதுக்கு அடைக்கது?"

"பாதி நேரம் அது பேசட்டு, பாதி நேரம் பிள்ளைய பேசட்டு" என்றார் புஷ்பபாய். "பெறவு ரெண்டும் நிக்கட்டு. வயலும் உண்டுல்லா?"

கிருஷ்ணன்குட்டி அவரை உற்று நோக்கினார். "பிள்ளைய வாசிக்குதா, புஷ்பம்? உள்ளதச் சொல்லணும்."

"கொஞ்சம் பேரு வாசிக்கு, சாரே. போனவங்க எல்லாரும் திரும்பி வரல்ல. வருவாங்கன்னு உறுதி சொல்லவும் என்னால ஒக்காது."

கிருஷ்ணன்குட்டி பதிவேட்டைத் திறந்தார். பின்னர், பெட்டி இன்னும் ஓராண்டு பிள்ளைகளுக்குத் திறந்திருக்கும் என்றும், எப்போது திறப்பது, எப்போது ஒலியை அடக்குவது, எப்போது சாத்துவது என்பனவெல்லாம் புஷ்பபாயின் விருப்பம் என்றும் தீர்மானம் எழுதச் சொன்னார். "ஓராண்டு தான்" என்று ஒரு முறை அழுத்திக் கூறினார். புஷ்பபாய் தலையசைத்தார். அவர் வேண்டியது அவ்வளவே.

யாவரும் சென்றபின் அவர் கட்டடத்தைப் பூட்டிச் சாலையில் இறங்கினார். முன்னே ரெஜிஷாவும் ஆதிராவும் நடந்துகொண்டிருந்தனர். அவர்களோடு கொல்லயில் ஊரிலிருந்து வந்து சேர்ந்த பிபினும் இருந்தான். தொடரில் வரும் அரசனின் யானை போரில் மாளுமா, மீளுமா என்று மூவரும் கடுமையாக வாதிட்டனர். அது அடுத்த வாரம்தான் ஒளிபரப்பாகவிருந்த பகுதி. அவர்களுள் ஒருவரும் அதனை இன்னும் கண்டிலர்.