வண்டியைச் சூட்டோடு கொண்டு வாங்க

ஆட்டோ எலக்ட்ரிக் தொழிலில், வண்டியை விட வருகிறவர்கள் ‘பேட்டரிதாம்மா’ என்று தீர்ப்பையும் சேர்த்தே விட்டுவிட்டுப் போவார்கள். நடுரோட்டில் செல்ஃப் எடுக்காமல் நின்று அவதிப்பட்ட வண்டிக்காரர்களே, ஒயர் பிடித்துப் பிடித்துக் கை கறுத்த என் இனத்தாரே, அந்தத் தீர்ப்பை நான் காதில் வாங்குவதே இல்லை. என் பெயர் ஸ்டெல்லா. மரக்காணத்தில் இ.சி.ஆர். ஓரமாக ஷெட் வைத்திருக்கிறேன். பொம்பளை கையில் வண்டியைக் கொடுக்க யோசிக்கிறவர்கள், எதிரே இருக்கும் ஏழுமலையின் ஷெட்டுக்குத் தாராளமாகப் போகலாம்.

நான் பயந்தது ஒரே ஒரு வண்டிக்குத்தான். அது உப்பள முதலாளி கலியபெருமாளுடையது. என் ஷெட் நிற்பது அவர் இடத்தில். அவர் முகம் சுளித்தால் மறுநாளே நான் ஸ்பேனர்களை அள்ளிக்கொண்டு ரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

ஜுரம் இல்லாத நோயாளி

முதலாளி சென்னையிலிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கி வந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் அது. மொத்தமே இரண்டு சீட்டு. காலையில் சாவியைத் தொட்டாலே ஸ்டார்ட் ஆகிவிடும். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்திவிட்டு, எஞ்சின் சூடு ஆறுவதற்குள் மறுபடி எடுத்தால்தான் வம்பு. செல்ஃப் முக்கும், முனகும், அப்படியே நின்றுவிடும். ஏழுமலை பேட்டரியை மாற்றிப் பார்த்தான், செல்ஃப் மோட்டாரையும் மாற்றிப் பார்த்தான். முனகல் மட்டும் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகுதான் முதலாளிக்கு என் ஞாபகம் வந்தது. பக்கத்திலிருந்து எடுத்து வந்ததால் எஞ்சின் ஜில்லென்று இருந்தது. சாவியைத் திருப்பினேன், உடனே ஸ்டார்ட் ஆனது. ஒழுங்காக இருக்கிற வண்டியில் நான் எதைத் தேடுவது? நன்றாக ஓட்டி, சூடாக்கிக் கொண்டுவந்தால்தான் கை வைப்பேன் என்றேன். எதையாவது மாற்றிப் போடு என்றார். மாட்டேன் என்றேன். அவருக்கு மாட்டேன் என்ற பேச்சைக் கேட்டுப் பழக்கமில்லை, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நோயாளிய ஜொரத்தோட கூட்டினு வரச் சொல்ற டாக்டர இப்பதாம்மா பாக்கறேன்.”

அஞ்சலையின் கண்டிஷன்

மறுநாள் அவரோடு நானும் ஏறிக்கொண்டேன். கூனிமேடு வரை போய்த் திரும்பினோம். வழியில் டீக்கடையில் எஞ்சினை அணைக்காமலே டீயைக் காருக்கு வரவழைத்துக் குடித்தார். இந்தக் கோளாறு தொடங்கியதிலிருந்து அப்படித்தானாம். உப்பளத்தில் லாரிக்கு லோடு ஏறிக்கொண்டிருந்த இடத்தில், இங்கே ஆஃப் பண்ணுங்க என்றேன். ஆள்கள் பார்க்கிறார்களே என்று தயங்கினார். பார்க்கட்டும் என்று நானே சாவியைத் திருப்பி அணைத்தேன்.

மறுபடி போட்டால், செல்ஃப் முக்கிவிட்டு நின்றது. எனக்கோ சந்தோஷம். பானெட்டைத் திறந்து, எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவில் மீட்டரை வைத்து, இன்னொரு தடவை சாவியைத் திருப்பச் சொன்னேன். முள் அசையவே கூடாத இடத்தில் எகிறியது. இந்தக் காரில் பேட்டரி பின்னால் டிக்கியில் இருப்பதால், கரண்ட் பாடி வழியாகத்தான் திரும்ப வேண்டும். எஞ்சினையும் பாடியையும் சேர்க்கிற எர்த் ஒயரைத் தடவிப் பார்த்தேன். முனை முழுக்க வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்தது. ஆறியிருக்கும்போது எப்படியோ தாக்குப்பிடிக்கும், சூடேறினால் கரண்டை விடாது.

ஷெட்டுக்குப் போக வண்டியைத் தள்ளியாக வேண்டும். முதலாளி வழக்கம்போல உப்புக் கூடை தூக்குகிற பெண்களைக் கூப்பிட்டார். அவர்களில் மூத்தவளான அஞ்சலை சும்மாட்டைத் தலையிலிருந்து எடுக்கக்கூட இல்லை.

“உப்பு தூக்கத்தான் வந்தோம் மொதலாளி, காரு தள்றதுக்கு வேற ஆள வையுங்க.”

கார் தூங்கும் இடம்

எஞ்சின் ஆறும்வரை காத்திருந்துதான் வண்டியை எடுத்தோம். வாங்கிக் கொஞ்ச நாளே ஆன காரில் ஒயர் இப்படிப் பூக்குமா என்று எனக்கு ஒரே குடைச்சல். கார் ராத்திரியில் எங்கே நிற்கிறது என்று போய்ப் பார்த்தேன். உப்புக் கொட்டகைக்குள்ளே, இரண்டு பக்கமும் மூட்டை அடுக்கி, நடுவில் மாப்பிள்ளை மாதிரி நிறுத்தியிருந்தார். வெயில் படாது, கடல் காத்து அடிக்காது என்று அவருக்குப் பெருமை வேறு. மூட்டையிலிருந்து கசிந்த உப்புத் தண்ணீர் டயரைச் சுற்றித் தேங்கியிருந்தது.

முதல் உப்பு வாரும்போது கற்பூரம் காட்டிக் கும்பிடுகிற மனுஷர் அவர். உப்பைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துச் சொன்ன லாரிக்காரனை அப்படியே திருப்பி அனுப்பியவர். ஒயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம். ஆனால் அது மறுபடியும் பூக்கும், அப்போது ஸ்டெல்லாவுக்கு வேலை தெரியாது என்பார்கள். ஏழுமலையிடம் சொன்னபோது அவன் பதறிப் போனான்.

“அக்கா, நான் இன்னொரு பேட்டரி வேணும்னாலும் போடுவேன், அவராண்ட உப்பக் குத்தம் சொல்ல மாட்டேன்.”

உப்பின் மேல் பழி

நான் சொன்னேன். உங்க உப்புதான் உங்க காரைத் தின்னுது, இனி அங்கே நிறுத்தினால் நான் ஒயர் மாற்ற மாட்டேன் என்றேன். ஷெட் வேணுமா வேணாமா என்று கேட்டார். வேணும், அதுக்காகப் பொய் சொல்ல முடியாது என்றேன்.

பிறகு அவரையே ஓட்டச் சொல்லி எஞ்சினைச் சூடாக்கினேன். நிறுத்திவிட்டு எடுத்தால் பழைய முனகல். அந்த எர்த் ஒயருக்குப் பதிலாக, நீளமான ஜம்பர் கேபிளில் ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையைப் பேட்டரி மைனஸிலும் மாட்டினேன். சாவியைத் தொட்டதும் சீறிக்கொண்டு கிளம்பியது. கேபிளைக் கழற்றினால் முனகல், மாட்டினால் சீறல். என்னை நம்பாமல் அவரே இறங்கி, கழற்றியும் மாட்டியும் பார்த்தார். அப்புறம் குனிந்து, எர்த் ஒயரில் பூத்திருந்ததை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

“உப்பு அது எடத்துல இருக்கும். காரு இனிமே உன் ஷெட்டுல நிக்கட்டும்.”

அன்றே புது எர்த் ஒயரை மாட்டினேன். வாயை மூடாததற்கு எனக்குக் கிடைத்த தண்டனை பாதி ஷெட் போனது, முதலாளிக்குக் கிடைத்த தண்டனை சொந்தக் காரை எடுக்கக்கூட என்னிடம் வந்து சாவி கேட்பது.