தூக்காத விரல்

எங்கள் சட்டைக் கம்பெனியில் அவளுக்கு 'நிதானம்' என்று பேர். பட்டன் சரிபார்க்கும் மேசையில் பதினோரு வருஷம் நின்றவள். எதைக் கேட்டாலும் தலையைக் குனிந்து, கேள்வியை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். பஸ் ஸ்டாப்பில் "என்னைக் கட்டிக்கிறியா?" என்று கேட்டவன், பதிலுக்காக இரண்டு பஸ்ஸை விட்டானாம். மூன்றாவது பஸ்ஸில் இருவரும் சேர்ந்தே ஏறினார்கள்.

வெளிநாட்டு மேனேஜருக்கு இதெல்லாம் ஒத்துவராது. பட்டென்று பதில் சொன்னால் நாம் துடுக்கு என்போம். அவர் ஊரிலோ கண்ணைப் பார்த்து உடனே சொல்ல வேண்டும். தயங்கினால் எதையோ மறைக்கிறாள் என்று அர்த்தம். நல்லவேளை, அவருக்கு மொழிபெயர்ப்பவள் நிதானத்தின் நாத்தனார். அண்ணி தலை குனிந்ததுமே, பொறுங்கள் என்று மேனேஜருக்கு ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவாள். அவரும் பொறுப்பார். பதில் பிசகாமல் வரும். அந்த ஒரு விரலை நம்பியே நிதானம் ஆறு வருஷம் ஓட்டினாள்.

சூப்பர்வைசர் வேலை காலியானது. அதற்கு ஒரு நாற்காலி உண்டு. முழங்கால் வீங்கிப் படியேற முடியாமல் தவித்தவளுக்கு வேறென்ன வேண்டும்? "இது கிடைக்கலைன்னா வேலையை விட்டுற வேண்டியதுதான்" என்றாள் என்னிடம்.

நேர்காணல் கண்ணாடி அறையில். என் மேசையிலிருந்து எல்லாம் தெரிந்தது. மேனேஜர் கேட்டார், நாத்தனார் மொழிபெயர்த்தாள், நிதானம் தலை குனிந்தாள். நான் நாத்தனாரின் விரலைப் பார்த்தேன். அது ஃபைலின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தது. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். இவள் நிமிர்வதற்குள் எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டார்.

"நாப்பது பேரைச் சமாளிப்பியான்னு கேட்டார். அதுல முப்பது பேருக்கு வேலை கத்துக்கொடுத்ததே நான்தான்னு சொல்ல வந்தேன்" என்றாள் வெளியே வந்து. "பாவம், அவ மறந்துட்டா போல."

மறதியாம்! மறுநாள் அறிவிப்புப் பலகையில் நாத்தனார் பேர் இருந்தது. ஒரே வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு, விண்ணப்பம் போட்டதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

திங்கட்கிழமை நாத்தனார் அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எதிரே கையில் சட்டையோடு நிதானம் நின்றாள்.

"என் மேல கோபமா அண்ணி?"

நான் வாயெடுத்தேன். அண்ணி யோசித்துச் சொல்லட்டும், பொறு என்று என்னைப் பார்த்து விரலைத் தூக்கினாள் நாத்தனார்.

நிதானம் தலை குனியவில்லை. நேராக அவள் கண்ணைப் பார்த்து, "ஆமா" என்றாள். சட்டையை மேசையில் வைத்துவிட்டு, காலை இழுத்து இழுத்து வாசலுக்கு நடந்தாள்.